குறையாத எண்ணெய்

எங்கள் வண்டி எஞ்சின் எண்ணெய் குடிக்காது என்று தில்ஷாத் அக்கா சொல்லாத ஆள் மத்திகிரியில் கிடையாது. டீக்கடையில் சொல்வாள், பங்க்கில் டீசல் போடும் பையனிடம் சொல்வாள், ஒருமுறை அத்திப்பள்ளியில் வண்டியை மறித்த போலீஸ்காரரிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கேட்டதோ இன்சூரன்ஸ்.

நான் ஜெபசீலி. ஜவளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு அந்த வேனில் வேலைக்குப் போகிறவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வண்டியில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டுமே. காட்டோரத்தில் இருட்டோடு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, தளி, மத்திகிரி தாண்டிப் போய் நாள் முழுக்க லைனில் நின்று ஒயர் கோக்கிறவளுக்குக் கோபம் வராமல் தாலாட்டா வரும்?

தில்ஷாத் அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மத்திகிரிதான். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். பஸ் வராத நாளெல்லாம் லீவு போட்டுப் போட்டு, கடைசியில் வேலையே போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் சாந்த் பாஷா மெத்தை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அவர்தான் ஆசைப்பட்டு இந்தப் பழைய டீசல் வேனை வாங்கினார். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவருக்குத் தலை சுற்றும். வைத்த டிரைவர்களில் ஒருவன் பெங்களூருக்கு ஓடிப்போனான், இன்னொருவன் குடித்துவிட்டு மாட்டுப்பண்ணைச் சுவரில் இடித்தான். "கழுதை கெட்டா குட்டிச்சுவரு, நானே ஓட்டிக்கிறேன்" என்று அக்கா ஏறி உட்கார்ந்தவள்தான், இன்றுவரை இறங்கவில்லை.

எங்கள் ஊருக்கு அவள் வருவதே பெரிய விஷயம். காலை ஷிப்ட்டுக்குப் போய்ச் சேர்கிற மாதிரி ஜவளகிரியிலிருந்து பஸ் இல்லை. மற்ற வேன்காரர்கள் தளியோடு திரும்பிவிடுவார்கள். யானை நடமாடும் ரோட்டில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வர அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அக்கா மட்டும் விடியும் முன்னே காலி வண்டியோடு வந்து எங்கள் ஆறு பேரையும் ஏற்றிக்கொள்வாள். அந்த வேன் இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

இந்த மழைக்காலம் முடிந்தபோது வண்டியில் ஒரு கோளாறு வந்தது. வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, எங்காவது நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது, ஆயில் அழுத்தம் காட்டும் முள் மெல்லக் கீழே படுத்துவிடும். சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். அக்கா டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். முள் அசையாது.

முதலில், அழுத்தத்தை உணர்ந்து முள்ளுக்குச் சொல்லும் ஆயில் சுவிட்சை மாற்றினாள். அப்படியும் முள் படுத்தது. பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் காட்டினாள். அவர்கள் எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

கம்பெனிக்கு வண்டி ஏற்பாடு செய்கிற சூப்பர்வைசர் மாடசாமி திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மென்று விழுங்கிப் பேசத் தெரியாது. "ஒரு நா ரெண்டு நான்னா பொறுத்துக்கிடலாம். ஒரு மாசம் வண்டி நின்னா நான் என்ன செய்ய? புது வண்டி ரெடியா இருக்கு. ஆனா அவன் தளியத் தாண்டி வரமாட்டாம் பாத்துக்கிடுங்க. நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க" என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அருள்ஜோசப் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். "வண்டி வரலன்னா வீட்லயே இரு. அந்த ரோட்ல உன்ன டூவீலர்ல அனுப்பிட்டு நான் உசுரக் கையில புடிச்சிக்கினு இருக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தர் மேல் தப்பு இருந்தாலாவது சண்டை போடலாம். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அக்கா வண்டியை நேராக மத்திகிரியில் மெக்கானிக் எல்லப்பன் ஷெட்டுக்கு விட்டாள். தளியில் ஏறுகிற பெண்கள் டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். எங்கள் ஆறு பேருக்கு வேறு போக்கு இல்லாததால் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

எல்லப்பன் வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், ஸ்பேர் கடைக்காரரிடம் கன்னடம். எங்கள் வண்டியில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். அவர் மூடியைத் தூக்கி, ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ரப்பர் குழாய் வைத்த ஒரு கைமீட்டரை முடுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வண்டி மீட்டர் பொய் சொல்லலக்கா. நெஜமாலுமே அழுத்தம் இல்ல."

"அப்ப இறக்கணுமாண்ணா?"

"இறக்கித்தான் பாக்கணும்" என்றார்.

அக்கா வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் எனக்கு வருவது கோபம் ஒன்றுதான். என் சீட்டுக்கு அடியில் அவள் எப்போதும் செருகி வைக்கும் அழுக்குத் துணி என் பையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி வெளியே வீசினேன்.

"எத்தினி வாட்டி சொல்றது? இந்த டீசல் துணிய இங்க வைக்காதீங்கன்னு! என் சாப்பாட்டுப் பையெல்லாம் டீசல் நாத்தம்!"

அக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஏய், வாயிருக்குதுன்னு பேசாத. அது டீசல் தொடைக்கிற துணியா? தினம் காலைல ஆயில் ஸ்டிக்க உருவித் தொடைக்கிற துணிடி. அதுல டீசல் எங்கருந்து நாறும்?"

"எங்கருந்து நாறுமோ எனக்கு என்னா தெரியும்? நாறுது!"

"உம் மூக்குல கோளாறு!"

"உங்க வண்டியில கோளாறு!"

இப்படி நாங்கள் இருவரும் கத்திக்கொண்டிருக்க, எல்லப்பன் குனிந்து அந்தத் துணியை எடுத்தார். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு எங்கள் சண்டையைக் காதிலேயே வாங்காமல் எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, எண்ணெய் அளவு காட்டும் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார்.

"கடைசியா எப்பக்கா எண்ணெய் ஊத்துனீங்க?"

அந்த நிலைமையிலும் அக்காவின் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. "ஊத்தறதே இல்லண்ணா. மழைக்கு முன்ன மாத்துனதுதான். ஒரு சொட்டு குறையல. அல்லா குடுத்த பரக்கத்து."

நாங்களும் அதை நம்பினவர்கள்தான். பக்கத்து வீட்டு வண்டிகளெல்லாம் லிட்டர் லிட்டராகக் குடிக்கும்போது இது மட்டும் குடிக்கவில்லை என்றால், அக்காவுக்குக் கைராசி என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான சுவேதா அவள் கையால் பூ வாங்கி வைத்துக்கொள்வாள். ஸ்டிக்கில் போட்ட மார்க்குக்கு மேலே எண்ணெய் நின்றதைப் பார்த்துக்கூட அக்கா சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஆண்டவன் கொடுப்பதை யார் அளந்து பார்ப்பார்கள்?

"குறையலயா? ஏறியில்ல இருக்குது!" என்றார் எல்லப்பன். "இந்த வயசு எஞ்சின் கொஞ்சமாச்சும் எண்ணெய் குடிக்கணும்க்கா. குடிக்கலன்னா வேற எதுவோ உள்ள எறங்குதுன்னு அர்த்தம்."

பழைய பேப்பரை விரித்து, புது எண்ணெய் ஒரு சொட்டும் எங்கள் எண்ணெய் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விட்டார். புதுசு உருண்டையாக உட்கார்ந்தது. எங்களுடையது கறுப்பாக நடுவில் நிற்க, அதைச் சுற்றி வெளிறிய ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே போனது. நானும் குனிந்து முகர்ந்தேன். டீசலேதான்.

எல்லப்பன் விளக்கினார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் தட்டு. அது கிழிந்து, டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் இறங்கியிருக்கிறது. "குழம்பு மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் ரசமாயிடிச்சு. சூடானா இன்னும் தண்ணி. அப்புறம் எப்பிடி அழுத்தம் நிக்கும்?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! டீசல எண்ணெய்னு நெனச்சி ஊரெல்லாம் பெரும பேசியிருக்கேனே!" சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அப்ப பேரிங் நல்லா இருக்குதா?" என்று கேட்டேன்.

"அத இப்ப சொல்ல முடியாது. இந்தத் தண்ணியோட எவ்ளோ நாளு ஓடிச்சோ. பம்ப சரி பண்ணி, எண்ணெய மாத்தி, சூடேற ஓட்டுனாத்தான் தெரியும். அப்பவும் முள்ளு படுத்துதுன்னா இறக்கறதுதான்."

சாந்த் பாஷாவுக்குப் போன் போனது. ஓசூர் பஜாரில் பம்ப்பையும் ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் பன் பொட்டலத்தோடு ஸ்கூட்டரில் வந்து நின்றார் மனிதர். எல்லப்பன் பழைய எண்ணெயைத் திறந்துவிட்டபோது அது நிற்காமல் ஓடியது. பம்ப், ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் ஊற்றியதும் முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. நாங்கள் கை தட்டினோம். எல்லப்பன் சிரிக்கவில்லை. ஆறின எஞ்சினில் எல்லா முள்ளும் நிற்கும் என்றார்.

கைமீட்டரைக் கழற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார். அக்கா பிஸ்மி சொல்லிக் கிளம்பினாள். தளி தாண்டி, இரண்டு பக்கமும் காடு வந்தது. சுவேதா கண்ணை மூடிக்கொண்டு முனீஸ்வரனைக் கூப்பிட்டாள். நான் என் ஜெபத்தைச் சொன்னேன். அந்த வேனிலிருந்து அன்றைக்கு எத்தனை சாமிகளுக்கு மனு போயிற்றோ.

ஜவளகிரியில் பஸ் நிற்கும் இடத்தில் வண்டி நின்றது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை அணைக்கவில்லை. எல்லாரும் எல்லப்பன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். முள் இறங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஓரிடத்தில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. காத்திருந்தோம். அதற்குக் கீழே அது போகவே இல்லை.

எல்லப்பன் மூச்சை விட்டார். "புது எஞ்சின் மாதிரி இல்லக்கா. ஆனா இது போதும். பேரிங் தப்பிச்சிடிச்சு. தாராளமா ஓட்டுங்க."

அக்கா ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். சாயங்காலம் அவள் துணியை உருவி வீசிய அதே கைதான். பிறகு அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாடசாமிக்குப் போன் போட்டாள்.

"சார், புது வண்டியெல்லாம் வேணாம். காலைல ஜவளகிரியிலருந்து ஆறு பேரையும் ஏத்திக்கினு நானே வரேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "ஆமா சார், ஜவளகிரியிலருந்துதான்" என்று இன்னொரு தடவை அழுத்திச் சொன்னாள்.

வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தேன். வாசலில் பீடி இல்லாமல் தீப்பெட்டியை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அருள்ஜோசப். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னா ஆச்சு? நாளைலருந்து வீட்லதானா?"

"காலைல எனக்கு டிபன் கட்டணும். வெங்காயம் நறுக்கி வைங்க" என்றேன்.

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அடுப்படியிலிருந்து, "எத்தினி வெங்காயம்?" என்று கேட்டார்.