ஒரே சஹனில் இரண்டு கைகள்

1982ஆம் ஆண்டு ஓகஸ்ட் பதினான்காம் திகதி, சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து திருகோணமலை பஸ் புறப்பட இருந்தது. என் அத்தை சுந்தரம்மா சன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னையா மாமா மட்டும் படியருகே நின்று, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எல்லாரும் ஏறியாச்சு. டிரைவரும் ஏறியாச்சு. நீங்க பின்னால ஓடி வரப் போறீங்களா?" என்று அத்தை சன்னல் வழியாகக் கத்தினாள்.

வழியனுப்பப் போன நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. மாமா கடைசி ஆளாக ஏறினார். பஸ் நகர்ந்தது.

மாமா எப்போதும் கடைசி ஆள்தான். உக்குவளைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவின் அப்பு அவர். அப்பு என்றால் சமையல்காரர். பதினைந்து வயதில் அந்தக் குசினிக்குள் போனவர். மேசைக்குச் சாப்பாடு போகும். சாப்பிட்ட பிளேட்டுகள் திரும்பி வரும். அதன்பிறகுதான் அப்பு சாப்பிடலாம், அதுவும் அடுப்போரமாக நின்றுகொண்டு. வெள்ளைக்காரத் துரை போய் நம்மவர் துரையாக வந்தபோதும் அந்த முறை மாறவில்லை.

அத்தைக்கு வேறொரு முறை. புருஷன் சாப்பிடாமல் அவள் சோற்றில் கை வைக்க மாட்டாள். ரப்பர் பால் வெட்டிவிட்டுப் பகலில் வீடு வந்தால் ஒரு பிளேன்டீயோடு சரி. இரவு எட்டு மணிக்கு மாமா பங்களாவிலிருந்து இறங்கி வந்து, "நான் சாப்பிட்டேன் புள்ள" என்று சொன்ன பிறகே சட்டியைத் திறப்பாள். அவள் சாப்பிடும்போது மாமா வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. இப்படிப் பதினாறு வருஷம்.

அந்த ஓகஸ்டில் துரை குடும்பத்தோடு கொழும்புக்குப் போனதால் மாமாவுக்கு ஐந்து நாள் லீவு கிடைத்தது. கடல் பார்க்கப் போகலாம் என்று அவர்தான் சொன்னார். பஸ் வழியில் நாலந்தா என்ற ஊரைத் தாண்டும்போது அத்தை தன் மனதில் இருந்ததைச் சொன்னாளாம்.

"கடலு எங்கயும் ஓடிப் போகாது. எனக்கு ஒண்ணு வேணும்."

"என்னா?"

"ஒரு வேள சோறு. ஒங்களோட. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில ஒக்காந்து."

"இது ஒரு பெரிய காரியமா? இன்னைக்குப் பகலே சாப்பிடுவோம்" என்றார் மாமா.

திருகோணமலையில் டச்சுக் குடாவுக்குப் பக்கத்தில் மீராசாஹிப் என்பவரின் சாப்பாட்டுக்கடை. கீழே நான்கு மேசைகள், மேலே வாடகைக்கு இரண்டு அறைகள். அவரே சமைப்பார், அவரே பரிமாறுவார். போய்ச் சேர்ந்த பகல் அவர் பாரை மீன் குழம்பும் நண்டுக் கறியும் கொண்டு வந்து வைத்தார். மாமா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார், யாரோ வந்து எழுப்பப் போகிறார்கள் என்பது போல. நண்டைப் பார்த்தார். முகம் மாறியது.

"நானா, கால ஒடைக்காமலே போட்டிருக்கீங்க. ஒறப்பு எப்படி உள்ள எறங்கும்?"

"அப்ப நீங்க வந்து ஒடைச்சுக் காட்டுங்களன்" என்று மீராசாஹிப் பகிடியாகச் சொன்னார்.

அதைப் பகிடி என்று எடுத்துக்கொள்ள மாமாவுக்குத் தெரியவில்லை. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் முருங்கையிலை மணத்தோடு புதிதாக ஒரு நண்டுக் கறி அத்தையின் முன்னால் வந்தது. மாமா வரவில்லை.

அத்தை காத்திருந்தாள். கறியின் மேல் ஏடு படியத் தொடங்கியது.

"என்ன தங்கச்சி, கை வைக்கல்ல? கறி சரியில்லையா?"

"அவரு சாப்பிடாம நான் எப்படிங்க சாப்பிடுறது?"

மீராசாஹிப் உள்ளே போனார். "அண்ணே, நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"மேச முடியட்டும் நானா. பிளேட்டு திரும்பி வரட்டும்."

"அந்த மேசையில இரிக்கிறது ஒங்கட பொஞ்சாதி!"

"யாரு இருந்தாலும் மேச மேசதானே."

இருவருக்கும் நடுவே மீராசாஹிப் நாலு தடவை நடந்தார். மூன்றரை மணிக்கு மாமா அடுப்போரமாக நின்று நாலு வாய் சாப்பிட்டார். அந்தச் செய்தி வந்ததும் அத்தை மேசையில் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைப் பிசைந்தாள்.

மற்ற நேரமெல்லாம் அவர்கள் நன்றாகத்தான் ஊர் பார்த்தார்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறினார்கள். கோட்டைக்குள் மான்கள் ஆட்டுக்குட்டிகளைப் போல ஆட்களுக்குப் பின்னால் வந்தன. ஒன்று அத்தையின் முந்தானையைக் கடித்து இழுத்தது. மலையுச்சியிலிருந்து கடலைப் பார்த்தபோது, "இம்புட்டுத் தண்ணியையும் வச்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்க முடியாதாமே" என்று மாமா கவலைப்பட்டார். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். அத்தை ஒவ்வொன்றிலும் வாளி விட்டு மொண்டு ஊற்றினாள். எது அதிகச் சூடு என்று திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் வாதாடினார்கள். கடற்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி வாங்கினார்கள். அத்தை தின்று முடியும்வரை மாமா தன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆனால் சோற்று வேளை வந்தால் பழைய கதைதான். ஞாயிற்றுக்கிழமை சொதி வைக்கப் போனார். திங்கட்கிழமை கணவாய் மீன் கறி. கடைக்கு வருகிறவர்கள் புதுச் சமையல்காரர் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை பகல் அத்தை மேசையிலிருந்து எழுந்து குசினி வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். நீங்க இங்கயே அப்புவா இருந்துக்கங்க."

"என்னா புள்ள, ஒனக்கு நல்லதாக் கொடுக்கணும்னுதானே..."

"எனக்கு நல்ல கறி வேணாம். கருவாடு போதும். நீங்க ஒக்காரணும். ஒக்காரவே தெரியாத மனுசனக் கூட்டிக்கிட்டு வந்தது என் தப்பு."

அன்று பின்னேரம் அவள் கடற்கரைக்கும் போகவில்லை. மேலே போய்ச் சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மாமா படிக்கட்டின் அடியில் நின்றார். மேலே ஏறவும் இல்லை, குசினிக்குப் போகவும் இல்லை. மீராசாஹிப் மூன்று மேசைகளுக்குப் பரிமாறியபடி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு பஸ். பன்னிரண்டு மணிக்கு மீராசாஹிப் இருவரையும் பின்கட்டில் இருந்த தன் வீட்டுக்குள் கூப்பிட்டார். நிலத்தில் பாய் விரித்திருந்தது. நடுவில் சஹன் என்கிற ஓர் அகலமான தட்டு. நெய்ச்சோற்றைக் குவித்து, அதன்மேல் கோழிப் பொரியலும் கத்தரிக்காயும் வைத்திருந்தார். வேறு தட்டு எதுவும் இல்லை.

"எங்கட கலியாணத்தில ஆறு பேருக்கு ஒரு சஹன்" என்றார். "இண்டைக்கு ரெண்டு பேருக்கு ஒண்டு. ஒரு சட்டம் இரிக்கு பொன்னையாண்ணே. சஹனில குந்தினவர் மத்தவர் முடிக்க முன்ன எழும்பப் படாது. எழும்பினா இந்த ஊட்டுக்கு மரியாதக் கேடு."

சட்டம் என்றதும் மாமா கட்டுப்பட்டார். வாழ்நாள் முழுவதும் பங்களாவின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தானே. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே அத்தை உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில்?

"பார்த்துக்கிட்டிரிந்தா எப்படி? ரெண்டு கையும் ஒண்டா வைங்க. நான் பிஸ்மி செல்லுறன்."

அவர் சொன்னார். இரண்டு கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின.

மாமா நடுவில் ஒரே ஒரு தடவை மெல்ல எழும்பப் பார்த்தாராம். "நானா, கத்தரிக்காயில கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூள்..." அத்தை இடது கையால் அவருடைய முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோழியின் நெஞ்சுத் துண்டை அவர் அவள் பக்கம் தள்ளினார்; அவள் திருப்பித் தள்ளினாள். கடைசிச் சோறுவரை இருந்து சாப்பிட்டார்கள். இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

"அடுத்த ஓகஸ்டுக்கு வாறோம் நானா" என்றார் மாமா.

"வாங்க. சஹன் இஞ்சதான் இரிக்கும்."

மாத்தளையில் இறங்கியதும் அத்தை நேரே கடைக்குப் போய்ப் பெரிய எனாமல் தட்டு ஒன்று வாங்கினாள். நீல விளிம்பு வைத்தது. அன்றிலிருந்து மாமா பங்களாக் குசினியில் சாப்பிடவில்லை. எட்டு மணிக்குப் பசியோடு வருவார். ஒரே தட்டில் இருவரும் கை வைப்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பிள்ளைகள் நாங்கள் கதவிடுக்கில் பார்த்துச் சிரிப்போம். "போங்கடி, ஒங்க ஆத்தாளும் அப்பனும் இப்படிச் சாப்பிட்டிருந்தா ஒங்களுக்கு மூள வளந்திருக்கும்" என்று அத்தை விரட்டுவாள்.

அடுத்த ஓகஸ்டுக்கு அவர்கள் போகவில்லை. அதற்கு முந்திய ஜூலையில், 1983 கலவரத்துக்குப் பயந்து லயங்களை விட்டு ஓடி, மூன்று நாள் ரப்பர் காட்டுக்குள் இருந்தோம். அத்தை எடுத்துக்கொண்டு ஓடியது அந்தத் தட்டை மட்டுந்தான். அவித்த மரவள்ளிக்கிழங்கை அதில் கொட்டி ஒன்பது பேர் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு யுத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் போகலாம் என்றார்கள். ஒரு வருஷம் பஸ் இல்லை. ஒரு வருஷம் அடையாள அட்டை கேட்டுப் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். 1997இல் காய்ச்சல் வந்து அத்தை போய்விட்டாள்.

நானும் ஊரில் தங்கவில்லை. பல நாடுகளில் வேலை செய்து, பல மேசைகளில் அவசரமாகச் சாப்பிட்டு, 2003இல் திரும்பி வந்தேன். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அதே தட்டைத்தான் வைத்திருந்தார். நீல விளிம்பு உரிந்து கறுத்திருந்தது. தட்டின் தன் பக்கத்துப் பாதியில் மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். "நில்லுங்க மாமா, நானும் போட்டுக்கிறேன்" என்று தனித் தட்டை எடுத்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார்.

அந்த வருஷம் செப்டெம்பரில் தபால் வந்தது. பங்களா முகவரிக்கு எழுதியிருந்தது. பங்களா பூட்டிக் கிடந்ததால் தபால்காரர் லயத்துக்கே கொண்டு வந்தார். மாமாவுக்குக் கண் தெரியாது, நான்தான் வாசித்தேன்.

"பொன்னையாண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சலாம். வாப்பா செல்லுறத மகள் நாச்சியா எழுதுறன். வாப்பாவுக்கு இப்ப நடக்க ஏலாது. கடைய என்ட மாப்பிள்ள பாக்கிறார். பழைய கொப்பியில இந்த முகவரி இரிந்திச்சு. இப்ப பஸ் ஓடுது, ஒருத்தரும் மறிக்கிறல்ல எண்டு வாப்பா செல்லச் சொன்னார். நண்டுக்கு நாங்க இப்பவும் கால ஒடைச்சுத்தான் போடுறம். சஹன ஒங்களுக்கெண்டு எடுத்து வச்சிரிக்கம். ரெண்டு பேரும் வாங்க. யார் முதல்ல கை வைக்கிற எண்டு சண்ட பிடிக்க வேணாம், பிஸ்மி செல்ல வாப்பா இன்னம் இரிக்கிறார்."