பஸ் ஏறாத பெட்டி

சோளமாவுக் கஞ்சி கொதித்து இறங்கியதும் விருத்தகிரி ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் ஆற வேண்டும். வெல்லமும் கடற்பாசியும் போட்ட அந்தக் கஞ்சி அவருக்கல்ல. விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளில் குடியிருக்கும் சில ஆயிரம் பழ ஈக்களுக்கு. "சூடா ஊத்துனா வேர்த்து, பஞ்சு நனைஞ்சி பூசணம் புடிச்சிரும். புதுமாப்ள வூட்டுக்கு வந்தாப்ல பாத்துப் பாத்து வைக்கணும்" என்பார்.

ஆய்வக உதவியாளராக வருமுன் பன்னிரண்டு வருஷம் சூளையில் பீங்கான் பொம்மைகளைத் தரம் பிரித்தவர். கடுகில் பாதி கறுப்புப் புள்ளி இருந்தாலும் பொம்மை தனியே போய்விடும். அந்தக் கண்தான் இங்கேயும் சோறு போடுகிறது. ஈயின் புழு அரிசி நொய்யளவுதான். உள்ளே கட்டி வந்தால் வெள்ளை உடம்பில் கறுப்பாகத் தெரியும். லென்ஸ் இல்லாமலே, "இதுல ரெண்டு இருக்குதும்மா" என்று சொல்லிவிடுவார்.

அம்மா என்று அவர் அழைப்பது சிவசங்கரியை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஐந்து வருஷமாக பஸ்ஸில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. கதிர்வீச்சு பட்டால் புழுக்களுக்குக் கட்டி கூடுகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. கதிர் பாய்ச்சும் கருவி புதுச்சேரியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு நடை, புழுப்பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு விருத்தகிரி போவார். ஒரு பெட்டிக்குக் கதிர் பாயும். மற்றது சும்மா போய்வரும். அதே பஸ், அதே வெயில், அதே குலுக்கல் இரண்டுக்கும் கிடைத்தால்தான், கட்டி கூடினால் கதிரால் கூடியது என்று சொல்ல முடியும்.

சித்திரையில் கடைசி நடை. முந்தின மாதம் நெய்வேலி வரைக்கும் பெட்டியும் கையுமாய் நின்றுகொண்டே போனது ஞாபகம் வந்தது. சும்மா போய்வருகிற பெட்டிக்கு எதற்கு இந்தப் பாடு என்று அதை ஆய்வக அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டு, சிவசங்கரி வருமுன் கிளம்பினார். பாவம் புழுக்கள் என்றுகூட அன்று நினைத்துக்கொண்டார். சோம்பலுக்கு இரக்கம் என்று பெயர் வைக்க மனுஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்!

போன பெட்டி பஸ் என்ஜின் பக்கத்துச் சூட்டில் வெந்து திரும்பியது. புழுக்களில் கட்டி மும்மடங்கு. "மத்த மாசத்தவிட இப்பதாண்ணே வித்தியாசம் பளிச்சினு இருக்குது!" என்று சிவசங்கரி பாதுஷா வாங்கி வந்தாள். அதை அவர் கடிக்காமலே மேசை ஓரத்தில் வைத்துவிட்டார். கட்டி கதிரால் வந்ததா, சூட்டால் வந்ததா? இனி அதைச் சொல்ல ஒருவராலும் ஆகாது. அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கஞ்சி இரண்டு தடவை அடிபிடித்தது.

திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நன்றிப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பாருங்கண்ணே, எங்க கைடு சாருக்கு அடுத்து உங்க பேருதான்."

"எடுத்துருங்கம்மா."

"அட, என்னாண்ணே கூச்சம்?"

"கூச்சமில்லம்மா, அசிங்கம். கடைசி நடையில ஒரு பெட்டிதான் பஸ் ஏறுச்சி. இன்னொண்ண இங்கியே வச்சிட்டுப் போயிட்டேன்."

சிவசங்கரி சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திங்கக்கெழம குடுக்கணுமேண்ணே... அந்த மாசத்துக்கு மறுபடி மொதல்லேருந்து ஈ வளக்கணும்."

திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. கணக்கெடுத்த நோட்டைப் பிரித்து, அந்த மாதத்துப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"நடந்தத நீங்களே எழுதுங்கண்ணே. உக்காந்து எழுதுங்க."

அவர் உட்காரவில்லை. குனிந்து நின்றே தேதி, பஸ் கிளம்பிய நேரம், விட்டுப்போன பெட்டி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நோட்டை இரண்டு கையாலும் பிடித்து, தலை நிமிராமல் அவள் முன் நீட்டினார்.