சக்கரத்துக்கு வைத்த கல்

குன்னூர் கடைவீதியில் கைபிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டுப் போகிறவன் கீழே சமவெளியிலிருந்து வந்தவனாகத்தான் இருப்பான். மலைக்காரன் அப்படிச் செய்யமாட்டான். இறங்கும்போதே "கல்லு!" என்று ஒரு குரல். சக்கரத்துக்கு அடியில் கல் விழுந்த சத்தம் காதில் கேட்ட பிறகுதான் கடைப்பக்கம் நடப்பான். திரும்பி வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எடு" என்று அவன் வாயால் சொல்லவேண்டும். சொல்லாமல் அந்தக் கல்லை எவனும் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். சரிவில் வண்டி, கீழே வீதி நிறைய ஜனம். அவ்வளவுதான்.

அந்தக் கல் வைக்கிற வேலைதான் கனகமணிக்கு. காரமடையிலிருந்து வாக்கப்பட்டு மலையேறியவள். புருஷன் லிங்கசாமி பச்சைத் தேயிலை ஏற்றும் ஜீப்புக்கு டிரைவர். தோட்டம் தோட்டமாக இலை மூட்டை எடுத்து ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் பேக்கரிக்கு எதிரே மூன்றாவது இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். "கனகா, கல்லு!" என்பான். மற்ற டிரைவர்கள் வெறும் கல் கேட்பார்கள். பேர் சொல்லிக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

"ஊட்ல கூப்பிடற மாதிரியே ரோட்லயும் கூப்பிடறாருங்களே" என்று பேக்கரி நெல்சன் வம்புக்கு இழுப்பார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அப்புறம் வந்தது தேயிலைக்குக் கேடுகாலம். விற்கிற விலை பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று இலையைச் செடியிலேயே முற்ற விட்டார்கள். டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தார்கள் டிரைவர்கள். லிங்கசாமியின் ஜீப்பும் அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். முதலில் பச்சை இலை வாசனை. பின்னாலேயே வண்டி.

ஃபேக்டரியைப் பூட்டிய அன்றைக்கு, காலி ஜீப்பை வழக்கமான இடத்தில் நிறுத்தினான். அவள் கல் வைத்தாள்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாமா. பாத்துட்டு வந்தர்றேன். நான் வந்து சொல்ற வரைக்கும் கல்லை எடுத்தராத."

"போயிட்டு வாங்க" என்றாள்.

போனவன் போனவன்தான். ஜீப்பின் முதலாளி ஆள் அனுப்பி, மேட்டுப்பக்கமாகக் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார். கல் மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தது. அடுத்த வருஷம், அவனோடு கம்பெனியில் வேலை பார்த்த லோகு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"காய்ச்சல்ல போயிட்டாருங்க அண்ணி. தகவல் சொல்ல வழி தெரியல. அங்கியே எரிச்சுட்டோம்."

"நீ யாரைப் பாத்தியோ, போ!" என்று சீறினாள் கனகமணி. கண்ணால் பார்க்காத சாவை எப்படி நம்புவது? பொட்டை அழிக்கவில்லை. கல்லையும் எடுக்கவில்லை. வந்து சொல்கிறேன் என்றவன் வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த இடத்தில் வேறு வண்டி தங்கவில்லை. டாக்சிக்காரர்கள் விட்டுப் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டு வந்தால், சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதாம். மஞ்சுமூட்டம் இறங்குகிற நாளில், இலை மூட்டை ஒன்றுகூட இல்லாத வீதியில் பச்சை இலை வாசனை அடிக்கும். நெல்சன் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கடைக்குள் போய்விடுவார். கனகமணி மட்டும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள்.

தேயிலை விலை எழுந்திருக்கவேயில்லை. இலை ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்தச் சமயத்தில்தான் கார் நிறுத்துகிற வரிசையைச் சைக்கிள் நிறுத்த மாற்றப்போவதாக நகராட்சியில் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்திருந்தது.

"மலையில சைக்கிளா! ஏத்தத்துல அது நம்மள சுமக்காதுங்க, நாமதான் அதைச் சுமக்கோணும்" என்று நெல்சன் சிரித்தார்.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் பொள்ளாச்சிக்காரர் வசந்த்குமார். தங்கமான மனுஷர். கனகமணியைச் சைக்கிள் காவலுக்கு வைத்துக்கொள்வதாக முதலிலேயே சொல்லிவிட்டார். கொத்தனார் இசக்கி இரும்புக் குழாய் நட்டுக்கொண்டே வந்து, மூன்றாவது இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இந்தக் கல்லைத் தள்ளிட்டு நடுங்க" என்றார் வசந்த்குமார்.

"டிரைவர் சொல்லலீங்களே" என்றார் இசக்கி.

"எந்த டிரைவர்? எங்க இருக்காரு?"

கனகமணி கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். கல்லைச் சுற்றிக் குழாய் நட்டார்கள்.

சைக்கிள்கள் வந்தன. எல்லாம் ஒழுங்காக நின்றன, மூன்றாவது இடத்தில் வைத்ததைத் தவிர. அது விழும். நிமிர்த்தினால் மறுபடி விழும். ஒருநாள் மத்தியானம், மஞ்சு தரைவரைக்கும் இறங்கியிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பெண் மோனிகா அங்கே தன் சைக்கிளை நிறுத்தினாள். அது அவள் காலிலேயே சாய்ந்து, கணுக்காலில் ரத்தம் வந்துவிட்டது.

"விழுகலீங்கம்மா" என்று அந்தப் பிள்ளை அழுதது. "யாரோ முட்டறாங்க. போறதுக்கு வழி இல்லாம முட்டற மாதிரி இருக்குதுங்க."

கனகமணி கல்லைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் நாய்க்குட்டி படுத்திருந்தால்கூட இறங்கி ஓரமாக விட்டுவிட்டு வண்டி எடுக்கிறவன் லிங்கசாமி. அவனா ஒரு பிள்ளையை முட்டுவான்? அட பாவி, நான் என்ன காரியம் செய்தேன்! அவன் என்றைக்கோ வந்துவிட்டான். வந்து உட்கார்ந்துகொண்டு, "எடு, எடு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். லோகு வந்து சொன்ன அன்றைக்கே சொல்லியிருப்பான். கேட்கக்கூடாது என்று இவள்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்கு முன்னால் கல்லை வைத்திருந்தால் அவன் எப்படி நகருவான்?

மோனிகாவை நெல்சனிடம் ஒப்படைத்தாள். குனிந்து கல்லில் கை வைத்தாள்.

பச்சை இலை வாசனை வந்தது. இத்தனை வருஷம் கழித்து, காதுக்கு அருகே, அலுத்துப்போன குரலில்: "கனகா, எடு."

எடுத்தாள். பாசி பிடித்துக் கனத்துப்போன கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, வழக்கம்போலச் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாள். எஞ்சின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நியூட்ரலில்தானே போவான். வாசனை மட்டும் அவளைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, இறக்கத்தில் மெதுவாகக் குறைந்துகொண்டே போனது.

எத்தனையோ வருஷம் தேக்கிவைத்த அழுகை உடைந்துகொண்டு வந்தது. வழக்கமான வார்த்தைதான் வாயில் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"போங்க" என்றாள். வாங்க என்று சொல்லவில்லை.