வீடுள்ள இரண்டு பிணையாளிகள்

சம்பளத்தோடு படிப்பு விடுமுறையில் செல்லும் உத்தியோகத்தர், பயிற்சி முடிந்தபின் குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். அசையாச் சொத்துள்ள இரண்டு பேர் அதில் பிணையாளிகளாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் காலத்து அரசாங்கச் சுற்றுநிருபம் இவ்வளவுதான் சொன்னது. பிணையாளிக்கு மீசை இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்முனைக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவுபெற்ற தாதி. மேலே படிக்க விரும்பும் தாதிக்கு அப்போது வழிகள் இல்லாமல் இல்லை. வார்ட் நிர்வாகம் படித்தால் சிஸ்டராகிச் சாவிக்கொத்தோடு நடக்கலாம். கற்பித்தல் படித்தால் தாதியர் பாடசாலையில் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பொதுச் சுகாதாரம் படித்தவர்களுக்கு ஜீப்பில் இடம் கிடைத்தது. பிறந்த குழந்தைகளைப் பராமரிக்கவென்று கொழும்பில் ஒரு சிறப்புப் பயிற்சி நெறியும் இருந்தது. அதற்குச் சாவியும் இல்லை, நிழலும் இல்லை, ஜீப்பும் இல்லை. நான் அதற்கு விண்ணப்பித்தேன். தொண்டு மனப்பான்மை என்று விண்ணப்பத்தில் எழுதினேன். உண்மையான காரணம் பயம்.

குறைமாதக் குழந்தைகளுக்கென்று பிரசவ வார்டின் ஓரத்தில் ஓர் அறை ஒதுக்கி, என்னைப் பொறுப்பாக விட்டிருந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று, நான் ஒருத்தி. பெட்டியைப் பற்றிய விளக்கப் புத்தகம் எங்களில் எவருக்கும் தெரியாத ஒரு மொழியில் இருந்தது. ஒரு நாள் சவளக்கடையிலிருந்து வந்த வயல்காரப் பெண்ணின் குழந்தை, என் கண் முன்னே மூச்சை நிறுத்தி நீலமானது. டாக்டர் சத்திரசிகிச்சையில் நின்றார். நான் குழந்தையின் முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன், சளியை உறிஞ்சி எடுத்தேன். எது சரி, எந்த ஒழுங்கில் சரி என்று எனக்குத் தெரியாது. அது அழுதது. தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எல்லாம் தெரிந்த கை என்று அவள் நினைத்திருப்பாள்.

அதன்பிறகு வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். வார்டுக்குள் காலடி வைத்ததும் முதலில் காதைத்தான் கூர்மையாக்குவேன். அந்த அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் நிம்மதி.

தெரிவாகிவிட்டேன் என்று அறிவித்தார்கள். பிணை மட்டும்தான் பாக்கி. என் வாப்பாவும், அண்ணனான காக்காவும், கணவரும் தொப்பி அணிந்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையெழுத்து வைக்க ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு வந்தார்கள். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர் திருக்கோவில்காரர். சிரிக்காமல் பகிடி விடுகிற மனிதர்.

"முதலாளி, வீட்டு உறுதி ஆர்ர பேரில?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

"மூத்த மகள்ட பேர்ல."

"வயல்?"

"அது இவக்குக் குடுத்தாச்சி" என்று வாப்பா என்னைக் காட்டினார்.

இலிகிதர் காக்காவின் பக்கம் திரும்பினார். காக்கா முந்திக்கொண்டார். "நான் இரிக்கிறது பொஞ்சாதிட வீடு."

கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். "என்னக் கேக்கவே வேணாம். நான் இவட வீட்டுலதான் இரிக்கன். சைக்கிள் மட்டும் என்ட சொந்தம்."

"சைக்கிள் அசையிற சொத்து, மாஸ்டர்."

மூன்று ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் ஊர்களில் பெண்ணுக்குத்தான் வீடு எழுதுவார்கள். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். இது அவர்களுக்குத் தெரியாத விடயமல்ல. ஆனால் கையெழுத்து என்றதும் ஆண்கள்தான் புறப்பட வேண்டும் என்று மூவருமே எண்ணியிருந்தார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

"இந்த ஊர் ஆம்புளையள் எல்லாரும் வாடகை குடாத குடித்தனக்காரர்" என்றார் இலிகிதர்.

"நீ திருக்கோயில்ல ஆர்ர வீட்டுல இரிக்காய் தம்பி?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் ஓம், அதுவும் மனிசிட வீடுதான்" என்று அவர் விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "வீடு உள்ள ரெண்டு பொம்புளையளக் கூட்டிட்டு வாங்க, மிஸ்ஸி."

ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, ஒருத்தி. பெண்பிள்ளை இல்லாததால் வீடு இன்னும் தன் பேரிலேயே இருந்த சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, மற்றவள். சாச்சி எதையும் கேட்காமல் கையெழுத்து வைத்தாள். ராத்தா பேனையைப் பிடித்தபடி கேட்டாள்:

"புள்ள, நீ அங்க மௌத்தாகிட்டா என்ட வீட்ட எடுப்பாங்களா?"

என் சாவைப் பற்றிய அந்தக் கேள்வி கேட்கக்கூடாதது அல்ல. யுத்தம் தொடங்கியிருந்த அந்த நாட்களில் வீதிகள் அப்படி இருந்தன. பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, சிலரைத் திரும்ப ஏற்றாமலே அனுப்பிய கதைகள் கிழமைக்கு ஒன்று வரும்.

"இல்ல ராத்தா. மௌத்தானா பிணை அதோட முடிஞ்சிரும். பயந்து இடையில திரும்பி வந்தாத்தான் வீட்டுல கை வைப்பாங்க."

"அப்ப மௌத்தானா பரவால்ல" என்று ஆறுதலாகச் சொன்னவள், தான் சொன்னது காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள், அழுதாள், கையெழுத்தும் வைத்தாள்.

அந்தக் கணத்திலிருந்து எனக்கு இரண்டு பயங்கள். போகாவிட்டால் அந்த அறை. போய் நடுவில் மனம் உடைந்தால் ராத்தாவும் அவள் நான்கு பிள்ளைகளும் படுக்கும் வீடு. பயந்தவளுக்குத் திரும்பி ஓடும் வழியாவது இருக்க வேண்டும். நான் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிணை கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. "ஆண் பிணையாளிகள் இருவரைச் சமர்ப்பிக்கவும்." சுற்றுநிருபத்தின் எந்தப் பந்தியின் கீழ் என்று குறிப்பிடவில்லை. ஆகவே பந்தி இலக்கத்தை நான் குறிப்பிட்டு, வீட்டு உறுதிப் பத்திரங்களின் உண்மைப் பிரதிகளை மறுபடி இணைத்து, எங்கள் பகுதியின் சொத்து வழக்கத்தை அரைப் பக்கத்தில் விளக்கி, ஆஸ்பத்திரி அத்தியட்சகர் ஊடாகப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோபத்தில் எழுதும் கடிதங்களை நான் மிகவும் மரியாதையாக எழுதுவேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஹர்த்தால் நாட்களில் தபாலே வராது. வந்த நாட்களில் வேறு யாருக்கோ வந்தது.

அப்படிக் காத்திருந்த ஒரு பின்னேரம் கோமாரியிலிருந்து இரட்டைக் குழந்தைகள் வந்தார்கள். வீதித் தடைகளில் நின்று நின்று வந்ததில் இருவரும் குளிர்ந்துபோயிருந்தார்கள். இருந்தது ஒரு பெட்டி. இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே வைத்தேன். வெப்பத்தை எவ்வளவு கூட்டலாம் என்று தெரியாமல், கொஞ்சம் கூட்டுவதும் பயந்து குறைப்பதுமாக நின்றேன். பெண் குழந்தை பிழைத்தது. மாலைத் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லும் நேரத்தில் ஆண் குழந்தை போய்விட்டது. அதன் தகப்பன் மீன்பிடிகாரர். என்னிடம் வந்து, "நீங்க என்ன செய்வீங்க மிஸ்ஸி, எங்கட விதி" என்றார். நான் என்ன செய்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று ஓய்வூதியம் வாங்கும் வயதிலும் அந்தப் பெட்டியின் வெப்பமானி என் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் எண்களை மட்டும் வாசிக்க முடிவதில்லை.

பிறகு, பெண் குழந்தைக்குக் குழாயில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், இலிகிதர் தாமே வார்டுக்கு வந்தார். அவர் கந்தோரை விட்டு எழுந்து வருவது வழக்கமல்ல. கதவருகில் நின்று கடிதத்தை உயர்த்திக் காட்டினார்.

"பொம்புளையள ஏத்துக்கொண்டிட்டாங்க, மிஸ்ஸி. ஆனா திங்கக்கிழமை அங்க நிக்க வேணுமாம். கடுதாசி எழுதி மூணு கிழமை, வந்து சேர்ந்தது இண்டைக்கு."

"ரோட்டு திறந்திரிக்கா?"

"அம்பாறை வரைக்கும் பஸ் ஓடுதாம். அதுக்கங்கால ஆருக்குத் தெரியும்?" அவர் பகிடி விடவில்லை. "போறீங்களா, இல்லாட்டி அடுத்த தொகுதிக்குத் தள்ளிப் போடச் சொல்லி எழுதட்டா?"

குழாயில் பால் முழுவதும் இறங்கி முடியும்வரை பார்த்திருந்தேன். குழந்தையைப் படுக்க வைத்தேன்.

"எழுத வேணாம். ராத்தாக்கு மட்டும் ரோட்டுக் கதைய சொல்லிராதீங்க."

கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சியாக அதன் மூலையில் கையெழுத்து வைத்துத் திகதி போட வேண்டும். போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது: ஆகஸ்ட் ஒன்பது, வியாழக்கிழமை.