கொடும்பாவி வீடு

மாயக்காள் அழுதால் செத்தவனே எழுந்து உட்கார்ந்து, "போதும் ஆத்தா" என்பான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். குச்சனூர்ப் பக்கம், மேகமலையைப் பார்த்துக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் அவள் இல்லாமல் இழவு வீடு களைகட்டாது. பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போன பிறகு அண்ணன் ராக்கையாவின் மாட்டுத்தொழுவத்தில் ஒண்டிக் கிடந்தவள், எழுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில் தனக்கென்று ஒரு மண்வீடு எழுப்பினாள். மண்ணை அவளே மிதித்துக் குழைத்தாள். சுவர் ஆள் உயரம் ஏறிவிட்டது. கூரைக்கு வைக்கோல்தான் கிடைக்கவில்லை. மழையில்லாத வருஷம், இருந்தது மாட்டுக்கே காணாது என்று கையை விரித்தார்கள்.

அந்த வாரம் வானம் ஊரை வைத்து விளையாடியது. திங்கட்கிழமை மலை உச்சியில் கருமேகம் திரண்டது. பெண்கள் விறகை அள்ளி உள்ளே போட்டார்கள். மறுநாள் கம்பம் பக்கமிருந்து வந்த காற்று அத்தனை மேகத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்கடுத்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் நாலு தூறல் போட்டு, புழுதியைக்கூட அடக்காமல் நின்றுகொண்டது. மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் சுருண்டு நின்றது. மாயக்காளோ ஒவ்வொரு மேகத்துக்கும் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஊருக்கு மழை வேண்டும்; அவளுக்குக் கூரை போடும்வரை வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர் சுருளியாண்டி கொடும்பாவி கட்டச் சொன்னார். வைக்கோலில் ஆள் போலப் பொம்மை கட்டி, ஊரின் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, பிணமென்று தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, எல்லையில் கொளுத்தினால் மழை இறங்கும். கூரைக்கு இல்லாத வைக்கோல் கொடும்பாவிக்கு மட்டும் வீட்டுக்கொரு பிடி வந்தது. மாயக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முன்னால நின்னு அழுகணும் ஆத்தா," என்றார் சுருளியாண்டி.

"வேற ஆளப் பாருங்க மாமா. மழ வந்தா எஞ் செவரு கரைஞ்சு போகும்."

"ஒஞ் செவரு பெருசா, ஊரு வயிறு பெருசா?"

பட்டும் படாமல் அழுதுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். ஆனால் இழுத்துப் போன வழியில் அவளுடைய மொட்டைச் சுவர் நின்றது. பார்த்தாளோ இல்லையோ, "என்னய நடுத்தெருவுல விட்டுட்டுப் போறியே ராசா!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். பொம்மைக்கு அழுதாளா, புருஷனுக்கா, சுவருக்கா, அவளுக்கே தெரியவில்லை. ஆம்பிளைகளே துண்டால் கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லைக்குப் போய்ச் சேரவில்லை, கொட்டியது பாருங்கள் மழை! கொளுத்த வேண்டியதைப் போட்டுவிட்டு ஊரே ஆடியது. மாயக்காள் மட்டும் கொடும்பாவியின் காலைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்தாள். கட்டை அவிழ்த்து வைக்கோலைச் சுவரின் தலையில் பரப்ப ஆரம்பித்தாள்.

ராக்கையா பதறிப்போனான். "அடியே, பொணத்தக் கொண்டாந்து வீட்டுல ஏத்துறியே! ஊரு பாவம்டி அது!"

"அதுக்கு அழுதது யாரு? நாந்தான? அழுதவளுக்குத்தான் பொணம் சொந்தம்!"

சுருளியாண்டிதான் முதலில் அசைந்தார். "ஏலே, என்ன வேடிக்க பாக்குறீக? அந்தப் பக்கத்தப் பிடிங்கடா," என்று நனைந்த வைக்கோலைத் தானே அள்ளினார். தெற்குச் சுவருக்கு எட்டவில்லை. அது பாதி கரைந்து விழுந்தது. மற்ற மூன்றும் நின்றன. சோளம் விளைந்ததும் ஊரே கூடித் தெற்குச் சுவரை எழுப்பிக் கூரையும் போட்டுக் கொடுத்தது. கொடும்பாவி வீடு என்றே அதற்குப் பேர் நிலைத்துவிட்டது. பிறகு எந்த வருஷம் வானம் ஏய்த்தாலும் அந்த வாசலில்தான் போய் நிற்பார்கள். அவள் அண்ணாந்து தன் கூரையை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம்தான் அழுவதற்குக் கொண்டையை அவிழ்ப்பாள். அப்படி அழ இன்றைக்கு யார் இருக்கிறார்கள்?

எண்பத்தெட்டு ஐப்பசி அடைமழையில் மாயக்காள் போய்ச் சேர்ந்தாள். ராக்கையா அவளுக்கு முன்பே போய்விட்டான். கொட்டுகிற மழையில் ஆணும் பெண்ணுமாக ஊரே நின்று அழுதது. அந்த வழியாகப் போன வெளியூர்க்காரர் ஒருவர், இது யார் வீட்டுப் பிணம் என்று கேட்டார்.

"அழுகுறது தெரியலையா?" என்றார் கிழவராகிப் போயிருந்த சுருளியாண்டி. "எங்களோடது."