பவித்ரா காய்ச்சிய கறுப்பு பீர்

மூடியைத் திறந்ததும் ‘ப்ஸ்’ என்று ஒரு சின்னப் பெருமூச்சு. பின்னாலேயே வாசனை. வறுத்த காப்பிக்கொட்டை, லேசாகத் தீய்ந்த கருப்பட்டி... எனக்குச் சட்டென்று மேகமலை ஞாபகம். மழையில் பைக் நின்றுபோய் தேயிலைத் தோட்ட லயன் வீட்டு வாசலில் ஒதுங்கியபோது, கேட்காமலே கொடுத்தார்களே ஒரு வரக்காப்பி — அது!

ஆனால் இது காப்பி இல்லை. பீர். ஓட்ஸ் போட்டுக் காய்ச்சிய கறுப்பு பீர். ஓட்மீல் ஸ்டௌட் என்று பெயர்.

போன ஞாயிறு மதியம். காமயகவுண்டன்பட்டியில் என் நண்பன் சௌந்தரின் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே நான், சௌந்தர், அவன் மகள் பவித்ரா. பெங்களூரில் பீர் காய்ச்சுகிற இடத்தில் அவளுக்கு வேலை. அவள் சொன்ன பக்குவத்தில் இறக்கிய முதல் பீர் இது. எல்லை தாண்டி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பத்தி எழுதுகிறவனுக்கும் சில ரகசியங்கள் உண்டு.

ஊரில் சௌந்தர் சொல்லி வைத்திருப்பது வேறு. “எம்பொண்ணு ஓட்ஸ் கம்பெனில இருக்கா.” பொய் என்றும் தள்ள முடியாது, உண்மை என்றும் ஒப்புக்கொள்ள முடியாது. இத்தனை நாள் அந்த வண்டி நன்றாகத்தான் ஓடியது. சிக்கல் மறுநாள். அனுமந்தன்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

“நாளைக்கும் ஓட்ஸ்னே சொல்லிருவோம் தாயி. கல்யாணம் முடிஞ்சப்புறம் மெதுவா எடுத்துச் சொல்லிக்கிரலாம்.”

“அப்புறம் தெரிஞ்சா என்னைய என்னன்னு நெனப்பாக? யப்பா, ஒரு தடவை இதக் குடிச்சுப் பாருங்க. அதுக்கு மேலயும் எம்பொழப்பச் சொல்ல ஒங்களுக்குக் கூசுச்சுன்னா, நானே ஓட்ஸ்னு சொல்லிர்றேன்.”

நியாயமான பந்தயம். சௌந்தர் என்ன செய்தான் தெரியுமா? டம்ளரில் பாதி பீர் ஊற்றி, மீதிப் பாதிக்குத் தண்ணீர்ச் செம்பைச் சாய்க்கப் போனான்!

“யப்பா! பீருக்குப் போயி தண்ணி ஊத்துறீக!”

“பிராந்திக்கு ஊத்துறோம்ல?”

“ஏலே, கைய எடுடா” என்று செம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, முதலில் நான் குடித்தேன்.

கறுப்பு என்றால் வெறும் கறுப்பு இல்லை. வெயிலில் பிடித்தால் ஓரத்தில் ஒரு செம்மை எரிகிறது. பார்களில் கிடைக்கும் பீர் தொண்டையைக் குளிரால் அறைந்துவிட்டுப் போய்விடும். ருசிக்கு நேரம் தராது. இது நாக்கில் உட்காருகிறது. வடிகஞ்சியின் வழவழப்பு — ஓட்ஸின் வேலை. அப்புறம் காப்பி, ஒரு துளி இனிப்பு. கடைசியாகக் கசப்பு. கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த சொந்தக்காரர் மாதிரி... வந்தவர் லேசில் கிளம்புவதும் இல்லை.

குறையே இல்லையா? உண்டு. தீய்ந்த வாசனை ஒரு நூல் அதிகம். சொன்னேன்.

“தெரியும் மாமா. அடுத்த தடவை வறுத்த பார்லி மால்ட்டக் கொறைக்கப் போறேன்” என்றாள். முகம் சுளிக்கவில்லை. தன் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வருகிற நிதானம் அது.

“சுத்தி வளைக்காம சொல்லு மாப்ள. நல்லாருக்கா, இல்லையா?”

“நல்லாருக்குடா. குடி.”

குடித்தான். முகம் கோணியது. “கசக்குது” என்றான். பவித்ரா கீழே உதிர்ந்து கிடந்த ஒரு திராட்சையைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி வீட்டுப் பாயசமோ, நண்பனின் கவிதையோ, மகளின் பீரோ — முதல் மடக்கை நம்பாதீர்கள். அது மரியாதைக்கோ பயத்துக்கோ குடிப்பது. இரண்டாவது மடக்குக்குக் கை தானாகப் போகிறதா? அதுதான் தீர்ப்பு.

சௌந்தரின் கை போனது. மூன்றாவது தடவையும் போனது.

“வழுவழுன்னு எறங்குதே... எதனால?”

“ஓட்ஸ்பா. எம்புட்டுப் போடணும்னு மாத்தி மாத்திக் காய்ச்சிப் பாத்தேன். கூடிப்போனா களியாயிரும், வடியாது.”

“நீயேவா?”

“நானேதான்.”

“ஒனக்கு மேல அங்கன ஆளில்லையா?”

“இருக்காக. இனிமே இதை நான் சொல்ற பக்குவத்துலதான் காய்ச்சணும்னு அவுகளே சொல்லிட்டாக.”

சௌந்தர் டம்ளரை அண்ணாந்து காலி செய்தான். மீசை நுரையைத் துண்டால் துடைத்தான். துண்டு ஏனோ கண் வரைக்கும் போய் வந்தது. நான் பந்தலைப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வண்டி வரை வந்தான். பாவம், ராத்திரி தூங்க மாட்டானே என்று, “நாளைக்கு வேணும்னா அவுககிட்ட நான் பேசட்டுமாடா?” என்றேன்.

“ஒண்ணும் வேணாம் மாப்ள. எம்பொண்ணு பீரு காய்ச்சுறான்னு நான்தான் சொல்லுவேன். நீ ஊடால பூந்து இலக்கியம் பேசிராத!”