எஞ்சினுக்குள் கிடந்த கறிவேப்பிலை

திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்துப்போன எண்ணெயில் வடை பொரிக்கும் வாடை, பஸ் தரிப்பிடத்தில் வந்தாலும் சரி, கலியாண வீட்டுப் பின்புறத்தில் வந்தாலும் சரி, எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அந்த வாடையை நான் முதன்முதலில் வெறுத்தது அடுப்படியில் அல்ல, எங்கள் பழைய உழவு இயந்திரத்தின் வயிற்றுக்குள்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலம் அது. நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கற்பிட்டிப் பக்கத்துக் கரையில் எங்கள் வாப்பாவுக்கு, கடலில் வளைத்துக் கரையிலிருந்து இழுக்கும் ஒரு கரைவலை இருந்தது. அதை இழுப்பதற்காக, தான் பிறப்பதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்திறங்கிய ஓர் உழவு இயந்திரத்தை வாங்கி, பின்னால் கயிறு சுற்றும் உருளையையும் பூட்டியிருந்தார். கரையில் எல்லோரும் அதைக் ‘கிழவன்’ என்றார்கள். ஓட்டியவர் உம்மாவின் தம்பி நவாஸ் மாமா. எண்ணெய் ஊற்றித் துடைத்துப் பராமரித்தவர், உடப்பு என்ற ஊரிலிருந்து வந்து கரையில் ஓலை வாடி போட்டுத் தங்கியிருந்த சின்னராசா அண்ணன்.

ஒரு காலை, வலை பாதி வந்திருக்கையில் ‘ஒயில் மீற்றர்’ முள் சரசரவென்று கீழே இறங்கியது. எண்ணெய் அமுக்கமில்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகிச் செத்துப்போகும் என்பதால், வாப்பா அதை உடனே நிறுத்திவிட்டு மீதி வலையை ஆட்களைக் கொண்டு இழுக்கவைத்தார். மீற்றரில்தான் பிழையோ என்று வேறொன்றை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்தார். அதிலும் முள் எழவில்லை. அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் கோடு வரை நிறைந்திருந்தது. ஆனால் விரலில் வைத்து உரசியபோது அவர் முகம் மாறியது.

‘இதுக்குள்ள வேற என்னமோ ஊத்தி ஈக்கிது.’

‘ஊத்துறவன் அவன்தானே மச்சான்,’ என்றார் நவாஸ் மாமா, சின்னராசா அண்ணனைப் பார்க்காமலே. ‘நல்ல ஒயில வித்துப்போட்டுக் கண்டதையும் ஊத்தி ஈப்பான்.’

‘அம்மன் அறிய நான் அப்பிடிச் செய்யல்ல, நானா,’ என்று, வாப்பாவை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் சின்னராசா அண்ணன் சொன்னது வாப்பாவின் காதில் ஏறவில்லை. கயிறு பிடித்து நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் ‘கள்ளன்’ என்று கத்தினார். அன்றைக்கே சின்னராசா அண்ணன் வாடியைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்.

பழையதை வடித்துவிட்டுப் புது ஒயில் ஊற்றினார்கள். முள் சற்று எழுந்து மறுபடி விழுந்தது. வேறு வழியில்லாமல் வாப்பா எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினார். மீன் குடலைப் போல வழுவழுத்த கறுப்புக் கூழொன்று அதற்குள் திரண்டு, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை முழுவதுமாக அடைத்திருந்தது. வாப்பா அதை வழித்துக் கடதாசியில் போட்டார். உள்ளே கருகிய கறிவேப்பிலை இருந்தது, பருப்புத் துண்டுகள் இருந்தன, ஓர் இறாலின் மீசைகூட இருந்தது. நான் வேலியோரம் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

எங்கள் பகுதியில் இறால் வடை போட்ட கடை ஒன்றுதான். பின்னேரமானால் மாமா குந்தியிருந்ததும் அங்கேதான். வாப்பாவுக்குத் தெரியாமல் இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பிறத்தியாருக்கு மணல் இழுத்திருக்கிறார். ஒயில் குறைந்தது தெரியாமலிருக்கக் கடையில் கழித்த எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். கேட்டபோது, ‘எல்லாம் எண்ணெதானே மச்சான்,’ என்று சிரித்தார். அந்தக் கூழைவிட அந்தச் சிரிப்பு அசிங்கமாக இருந்தது.

‘தம்பிட கலியாணக் கதை நடக்குது. வெளியால சொல்லிப்போடாதீங்க, மானம் போயிரும்,’ என்று உம்மா அழுதா. உடப்பில் இருப்பவருக்கும் மானம் உண்டென்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

வாப்பாவுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உடப்புக்குப் போனார். சின்னராசா அண்ணன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாப்பா பக்கத்தில் குந்தி, தாழ்ந்த குரலில், ‘பிழை என்னுடையதுதான் தம்பி. நீ செய்யல்ல எண்டு தெரிஞ்சிட்டு. திரும்பி வா,’ என்றார்.

‘கள்ளன் எண்டு கரை முழுக்கக் கேக்கச் சொன்னீங்க, நானா. இத மட்டும் என்ட காதுக்குள்ள சொல்றீங்களே. அங்க எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க, நான் வாறன்.’

‘ஓம்,’ என்றார் வாப்பா.

அடுத்த வலை இழுப்பன்று அதைக் கேட்பதற்கென்றே நான் கரைக்குப் போனேன். இயந்திரத்தில் என்ன பிழை கண்டீர்கள் என்று ஆட்கள் விசாரித்தார்கள். ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த மாமாவை வாப்பா பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். ‘பழைய மெஷின்தானே, கோளாறு. சரியாக்கியாச்சு,’ என்றார். பெற்ற தகப்பனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. சின்னராசா அண்ணன் வரவே இல்லை.

கிழவன் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கரைவலை இழுத்த இடத்தில் இப்போது, பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கும் வெளிநாட்டவருக்கான விடுதிகள் நிற்கின்றன. வாப்பா மௌத்தாகி அடக்கப்பட்டுவிட்டார். மாமா ஊரில் பெரிய மனிதர். போன வருடம் ஒரு கலியாண வலிமா விருந்தில், பழைய கரையாட்கள் இரண்டு பேர் அந்த எண்ணெய்க் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அதில் கள்ளனின் பெயர் சின்னராசா. முன்வரிசைக் கதிரையில் இருந்த மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.